பிட்சரை முதலில் இறக்குவதா, இடையில் இறக்குவதா? பேஸ்போல் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் பேஸ்போல் பழக்குகிறேன். மேட்ச் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும், பெற்றோர் கூட்டத்திலும், சில நாள் இரவு பத்து மணிக்குப் போனிலும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: "என் மகன் ஏன் முதல்ல பந்து போடல?" புதிதாகப் பழக்க வந்திருக்கும் ஆசிரியர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கே மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஸ்டார்ட்டர், ரிலீவர் என்றால் என்ன?

கிரிக்கெட்டில் ஒருவர் ஓர் ஓவர் போட்டுவிட்டு எல்லைக் கோட்டுக்குப் போய்விடுவார். மறுமுனையிலிருந்து இன்னொருவர் போடுவார். கப்டன் நினைத்தால் பத்து ஓவர் கழித்து முதலாமவரையே திரும்பக் கூப்பிடலாம். பேஸ்போலில் அந்த வசதி இல்லை. பந்து எறிகிறவருக்குப் பெயர் பிட்சர். ஆட்டத்தின் முதல் பந்தை எறிகிற பிட்சர் ஸ்டார்ட்டர். அவரை மாற்றும்வரை எதிரணிக்கு ஒவ்வொரு பந்தையும் அவரேதான் எறிய வேண்டும். மாற்றி வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அவருக்குப் பின்னால் வருகிற எல்லோரும் ரிலீவர்கள். கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுப்பவரை குளோசர் என்பார்கள்.

எறிகிற தூரம் 18.44 மீட்டர். பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் இலேசு, 142 முதல் 149 கிராம் வரை. ஆனால் கையை நீட்டிச் சுழற்றிப் போடுவதில்லை, முழங்கையை மடக்கி எறிகிறோம். பாரம் முழுக்க முழங்கையின் உட்பக்கத்திலும் தோளிலும் விழுகிறது. இந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் அதிலிருந்துதான் வருகிறது.

ரிலீவர் என்றால் இரண்டாம் தரம்தானே, சேர்?

இல்லை. இதை ஒரு மலையகத் தமிழர் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். கண்டியில் பிறந்த நம் முரளிதரன் பெரும்பாலும் புதுப் பந்தில் தொடங்கியவர் இல்லை. வேகப்பந்து போடுகிறவர்கள் போட்டு முடித்த பிறகுதான் பந்து அவர் கைக்கு வரும். 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்துவிட்டு அவர் நடந்து போனபோது, "ஏன் இவரை முதலில் போட விடவில்லை?" என்று யாரும் கேட்கவில்லை.

பேஸ்போலிலும் அப்படித்தான். மரியானோ ரிவேரா 1995இல் நியூயோர்க் யாங்கீஸில் ஸ்டார்ட்டராகத்தான் தொடங்கினார், அது சரிவரவில்லை. ரிலீவராக மாறியவர் 652 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். 2019இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்துக்கு அவரைத் தேர்ந்தபோது ஒரு வாக்குக்கூட எதிராக விழவில்லை. அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

சரி, எப்படித்தான் தீர்மானிக்கிறீர்கள்?

நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று. எதிரணியின் ஒன்பது பேரும் ஒரு சுற்று வந்து போன பிறகு, அதே ஆட்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்து நிற்கும்போது இவன் என்ன ஆகிறான்?

முதல் சுற்றில் அடிப்பவருக்கு உங்கள் மகனின் பந்து புதிது. கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வேகம் எவ்வளவு, எந்தப் பந்து கடைசியில் கீழே இறங்கும், எதுவும் தெரியாது. இரண்டாம் முறை பாதி தெரிந்துவிடும். மூன்றாம் முறை வருகிறவன் காத்திருந்து தனக்குப் பிடித்த பந்தை அடிப்பான். அமெரிக்காவின் மேஜர் லீக் கணக்குகளில் இது பல வருடங்களாகத் தெளிவாகத் தெரிகிறது. ஒரே ஸ்டார்ட்டரை அடிப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக அடிக்கிறார்கள். கை களைப்பது ஒரு காரணம், கண் பழகிப்போவது இன்னொரு காரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே பிட்சரை ஸ்டார்ட்டராகப் பாருங்கள், அப்புறம் ரிலீவராகப் பாருங்கள். ரிலீவராக வரும்போது வேகம் கூடும், ஸ்ட்ரைக்-அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை அவுட் ஆக்குவது) கூடும். ஐந்தாறு இன்னிங்ஸுக்குப் (பேஸ்போலில் மூன்று பேர் அவுட்டானால் ஓர் அணியின் முறை முடிந்தது) பலத்தைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை அல்லவா? இருப்பதை எல்லாம் இருபது பந்தில் கொட்டலாம். ஆகவே இடையில் இறங்கினால் அனேகமாக எல்லாருமே கொஞ்சம் நன்றாகத்தான் தெரிவார்கள். புதிய கோச்மார் விழுகிற குழி இதுதான். ஒரு பையன் ஒரு இன்னிங்ஸ் பிரமாதமாகப் போட்டதும், "இவன் பிறவி ரிலீவர்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஒரு இன்னிங்ஸ் பிரமாதமாகப் போடுகிறவனைவிட, ஐந்து இன்னிங்ஸ் ஓரளவு நன்றாகப் போடுகிறவன் அணிக்குப் பெரிய பலம். ஆகவே என் வழக்கம், கையில் பந்து நிற்கிற எல்லாப் பிள்ளைகளையும் முதலில் ஸ்டார்ட்டராகப் பழக்கிப் பார்ப்பது. இரண்டாம் மூன்றாம் சுற்றில் அவன் அடி வாங்குவது திரும்பத் திரும்ப நடந்தால்தான் இடைக்கு மாற்றுவேன்.

போன வருடம் ஓர் அம்மாவிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். வேலைவிட்டு நேராக வந்திருந்தார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது, நகக்கண் எல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "காலை நிறுவைக்கு யாரும் கொழுந்து கொண்டு வருவாங்க சேர். அந்தி நிறுவையிலதான் ஆளு தெரியும்" என்றார். அதற்குப் பிறகு நான் வேறு உதாரணம் தேடியதில்லை.

வேகம் அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. களைப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சி.ஆர். கொப்பியும் பென்சிலும் போதும். நான் பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. ஒவ்வொரு அடிப்பவருக்கும் எத்தனை பந்து, முதல் பந்து ஸ்ட்ரைக்கா (குறிக்குள் வந்ததா, அல்லது அவர் வீசித் தவறவிட்டாரா), பந்து எங்கே போனது, இவ்வளவுதான் குறிப்பேன். நாலைந்து மேட்ச் போனால் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். சில பிள்ளைகளுக்கு இரண்டாம் கட்டத்திலேயே பென்சில் கோடு நெருங்கிவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. களைத்த கை பந்தை மேலே விடும். கீழே குறிவைத்தது மார்பு உயரத்தில் வந்தால் உஷாராகுங்கள். எறியும்போது முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே அவன் எடுக்கிற நேரம் நீளும். பந்தை வாங்கிக்கொண்டு மலையைப் பார்ப்பான், காலால் மண்ணைச் சரி செய்வான், கையை உதறுவான். அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிற கெச்சரின் கிளவுஸ் சத்தம் மாறும். முதல் இன்னிங்ஸில் "டப்" என்று வந்த சத்தம் நாலாவதில் "தொப்" என்று கேட்கும். கெச்சரிடம் போய்க் கேளுங்கள், "கை வலிக்குதா?" என்று. "இல்ல சேர், இப்ப நோவல" என்றால் அதற்கு அர்த்தம் பிட்சருக்கு வேகம் போய்விட்டது என்பதுதான்.

பிட்சரிடம் மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பையனும் "களைச்சிட்டேன்" என்று சொல்ல மாட்டான்.

என் மகனிடம் நல்ல வேகம் இருக்கிறது. அது போதாதா?

ஸ்டார்ட்டராவதற்குப் போதாது. ஒரே அடிப்பவரை மூன்று முறை சந்திக்க வேண்டும் என்றால் மூன்று விதப் பந்து வேண்டும். நேரான வேகப்பந்து ஒன்று, அதே கைவீச்சில் மெதுவாக வருகிற செஞ்ச்-அப் ஒன்று, வளைகிற பந்து ஒன்று. இரண்டு வைத்துக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டலாம். ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால், அது மிக நல்ல பந்தாக இருந்தால், இடையில் வந்து ஒரு சுற்றுக்குள் வேலையை முடிக்கலாம். ரிவேராவின் கதை அதுதான். 1997இல் கையில் கிடைத்த கட்டர் என்ற ஒரே பந்தைக் கொண்டு பதினாறு வருடம் காலம் தள்ளினார்.

நம் பிள்ளைகள் பலர் எல்லே விளையாடியும் டெனிஸ் பந்து கிரிக்கெட் விளையாடியும் வருகிறார்கள். தூரத்திலிருந்து நேராக எறிகிற பலம் இருக்கும், பந்து வகை இருக்காது. அவர்களை முதல் பருவத்தில் இடையில் இறக்குவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுக்க செஞ்ச்-அப் பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வளைவுப் பந்துக்கு நான் அவசரப்படுவதில்லை. முதலில் செஞ்ச்-அப், அப்புறம்தான் மற்றது. ஜோஹன் சன்டானா என்ற மேஜர் லீக் பிட்சர் மினசோட்டா அணியில் ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் ரிலீவராகத்தான் இருந்தார். அவருடைய பெயர்போன ஆயுதம் செஞ்ச்-அப். ஸ்டார்ட்டராகி 2004லும் 2006லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். ரிலீவர் என்று ஒரு பிள்ளையை எழுதி ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு நான் காட்டுகிற ஆள் அவர்தான்.

மலைநாட்டுக் குளிருக்கும் உயரத்துக்கும் இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. கொழும்பிலிருந்து வருகிற கோச்மார் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் குறை.

முதலில் உயரம். அமெரிக்காவில் டென்வர் நகர மைதானம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிதாக இருப்பதால் வளைவுப் பந்து சரியாக வளைவதில்லை, அடித்த பந்து தூரம் போகிறது. பிட்சர்மார் பயப்படுகிற மைதானம் அது. நம் நுவரெலியா 1,868 மீட்டர்! டென்வரையும்விட உயரம். ஹட்டன், தலவாக்கலை கொஞ்சம் கீழே, ஆனாலும் மலைதான். இங்கே ஒரு பையனின் வளைவுப் பந்து சோம்பலாகத் தெரிந்தால், "இவனுக்கு மூன்றாவது பந்து இல்லை, ரிலீவராகப் போடு" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதே பந்து கீழ்நாட்டில் நன்றாக வளையும். மறுபடி, இங்கே அளந்து பழகியவன் கீழே போனால் பந்து, அடிப்பவருக்குப் பக்கத்தில் பதித்திருக்கும் தட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும். தியகமவில் (நம் டயகமத் தோட்டம் இல்லை, ஹோமாகமப் பக்கத்தில் ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் இருக்கும் தியகம) விளையாடப் போகும்போது ஒரு நாள் முந்திப் போய் அரை மணி நேரமாவது எறிந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது வெயில். ஹட்டனில் ஐந்து இன்னிங்ஸ் களைக்காமல் எறிகிற பையன், ஹோமாகம பகல் வெயிலில் மூன்றாவதிலேயே நனைந்து தொப்பலாகிவிடுவான். மலையில் ஸ்டார்ட்டர் என்று முடிவானவனைக் கீழே கொண்டுபோகும்போது, இன்னொருவனை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குளிர். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஸ்டார்ட்டருக்கு எத்தனை மணிக்கு எறிய வேண்டும் என்று தெரியும். ஓடி, கை சுழற்றி, உடம்பு சூடேற்றிக்கொண்டு வருவான். ரிலீவருக்கு அது தெரியாது. மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கத்து லயம்கூடத் தெரியாத மதியத்தில், ஒரு மணி நேரம் ஈரப் பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைத் திடீரென்று எழுப்பி, ஏழெட்டுப் பந்து எறிந்துவிட்டு இறங்கு என்றால் தோள் என்ன ஆகும்? குளிரில் சீக்கிரம் சூடேறுகிற உடம்பு சிலருக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் வேண்டும். இங்கே ரிலீவரைத் தெரிவு செய்யும்போது வேகத்துக்கு முன்னால் இதைப் பார்க்கிறேன். வெளியே இருக்கிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் கட்டாயம், எறிகிற கைக்குக் கம்பளிச் சட்டையின் முழுக்கை கட்டாயம். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு இடையிலும் எழுந்து ஓட வேண்டும்.

மழை வந்து ஆட்டம் நின்றால்? அரை மணிக்கு மேல் போனால் ஸ்டார்ட்டரைத் திரும்ப அனுப்ப மாட்டேன். அவன் எவ்வளவு நன்றாக எறிந்திருந்தாலும் சரி.

மூன்று நாள் போட்டி. நம்மிடம் நல்ல பிட்சர் இரண்டே பேர். யாரை எப்போது இறக்குவது?

இங்கே ஸ்டார்ட்டரா ரிலீவரா என்பதே கூட்டல் கழித்தல் கணக்காகிவிடும். மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்போல் சம்மேளனமும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட "பிட்ச் ஸ்மார்ட்" வழிகாட்டியைத்தான் நான் பின்பற்றுகிறேன். 13 முதல் 16 வயது வரை ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 17, 18 வயதில் 105. இது கடைசி எல்லை, இலக்கு இல்லை. நான் 70ஐத் தாண்ட விடுவது அபூர்வம்.

அதைவிட முக்கியம் ஓய்வு. 15, 16 வயதுப் பிள்ளை 30 பந்துக்குள் நிறுத்தினால் அடுத்த நாள் எறியலாம். 31 முதல் 45 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு. 46 முதல் 60 வரை இரண்டு நாள். 61 முதல் 75 வரை மூன்று நாள். 76க்கு மேல் நான்கு நாள். 13, 14 வயதுக்கு இன்னும் கண்டிப்பு: 20 பந்தைத் தாண்டினாலே ஒரு நாள் ஓய்வு, 66க்கு மேல் நான்கு நாள்.

இப்போது கணக்குப் போடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு போட்டி. தரம் 10 பையன் வெள்ளிக்கிழமை 76 பந்து எறிந்தால் அவனுக்குப் போட்டி முடிந்தது, இனி அடுத்த புதன்தான். அதே பையனை 45இல் நிறுத்தினால் ஞாயிறு இறுதியாட்டத்துக்கு வந்துவிடுவான். நம் பிள்ளைகளின் ஆட்டத்தில் வோக் (நாலு பந்து குறி தவறினால் அடிப்பவர் சும்மாவே முதல் தளத்துக்குப் போவது) அதிகம், ஒரு இன்னிங்ஸுக்கு 20 பந்து சாதாரணமாகப் போகும். அதாவது 45 பந்து என்றால் இரண்டு இன்னிங்ஸ், கொஞ்சம் மேலே. மிச்ச இன்னிங்ஸை யார் போடுவது? அதனால்தான் நான் வருடம் முழுக்க ஆறேழு பேரைப் பந்து எறியப் பழக்குகிறேன். ஷோர்ட்-ஸ்டொப்பில் நிற்கிற பையன், சென்டர்-ஃபீல்டு பையன், எல்லாரும் ஆளுக்கு ஒரு இன்னிங்ஸ். வெள்ளிக்கிழமை மேட்ச் 8-3 என்று முன்னால் இருக்கும்போது நல்ல பிட்சரை வெளியே எடுத்தேன் என்று பெற்றோர் கோபப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் எடுக்கிறேன்.

ஜப்பானில் உயர்நிலைப்பள்ளி பேஸ்போல் எவ்வளவு கௌரவமான விஷயம் என்று தெரியும்தானே? அங்கேயே 2020இல் ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள்.

பக்கத்தில் நின்று சூடேற்ற எறிகிற பந்துகளும் கணக்கில் சேருமா?

வழிகாட்டியின் எண்ணில் சேராது. கை கணக்கு வைக்கும். ரிலீவரை எழுப்பி எறிய வைத்து, "இப்ப வேணாம், உக்காரு" என்று சொல்லி, அடுத்த இன்னிங்ஸில் மறுபடி எழுப்புகிறார்களே, அது பெரிய பாவம். பிள்ளை ஆட்டத்தில் 15 பந்துதான் எறிந்திருப்பான், வெளியே 50 எறிந்திருப்பான். ஒருமுறை எழுப்பினால் இறக்குங்கள். இறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவனை விட்டுவிடுங்கள்.

ரிலீவரையே முதலில் இறக்குவது என்று ஒன்று இருக்கிறதாமே?

ஆமாம், ஓப்பனர் என்பார்கள். 2018 மே 19ஆம் திகதி டம்பா பே ரேஸ் அணி, வழக்கமாகக் கடைசியில் வருகிற செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸில் இறக்கியது. மூன்று பேரையும் ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார். அடுத்த நாளும் அவரே தொடங்கினார். எதிரணியின் முதல் மூன்று நான்கு பேர்தான் நல்ல அடிப்பவர்கள். அவர்களை வேகமான ரிலீவர் பார்த்துக்கொண்டால், பின்னால் வருகிற நீண்ட நேரப் பிட்சர் அவர்களை ஒரு முறை குறைவாகச் சந்திக்கலாம். அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம்.

எனக்கு இதில் பிடித்தது வேறு காரணம். குளிரில் சூடேற நேரம் எடுக்கிற, ஆனால் ஒரு இன்னிங்ஸ் மட்டும் தாங்குகிற பையன் ஒருவன் இருந்தான். இடையில் எழுப்பினால் முதல் நாலு பந்தும் தட்டுக்கு வெளியேதான் போகும். அவனை ஓப்பனராக மாற்றினேன். எத்தனை மணிக்கு எறிய வேண்டும் என்று தெரிந்ததும் அந்தப் பிரச்சினையே போய்விட்டது. மலைநாட்டு அணிகள் இதை இன்னும் அதிகம் முயன்று பார்க்க வேண்டும்.

ஒரு பையனை ஸ்டார்ட்டரிலிருந்து ரிலீவராக்கி, மறுபடி ஸ்டார்ட்டராக்கலாமா?

முடியும். ஜோன் ஸ்மோல்ட்ஸ் அட்லான்டாவின் பெரிய ஸ்டார்ட்டர். 2000இல் முழங்கை சத்திரசிகிச்சை. திரும்பி வந்து குளோசரானார், 2002இல் மட்டும் 55 ஆட்டங்களைக் காப்பாற்றினார். 2005இல் மறுபடி ஸ்டார்ட்டர். 200க்கு மேல் வெற்றியும் 150க்கு மேல் காப்பாற்றலும் சேர்த்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் பருவத்துக்கு நடுவில் அங்கும் இங்கும் மாற்றாதீர்கள். பல வாரம் 20 பந்து எறிந்து பழகிய கைக்குத் திடீரென்று 70 பந்து கொடுக்கக் கூடாது. கூட்டுவதென்றால் வாரத்துக்குப் பத்து பதினைந்தாகக் கூட்டுங்கள். நான் விடுமுறைக்காலத்தில்தான் மாற்றுவேன். பிள்ளைக்கும் தான் யார் என்று ஒரு பருவமாவது தெரிய வேண்டும்.

2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், வழக்கமாக ஸ்டார்ட்டராக எறிகிற ஜப்பானின் ஓட்டானியே கடைசியில் வந்து எறிந்தாரே? நம் பிள்ளையும் இரண்டும் செய்யலாமே?

அந்தக் கடைசிப் பந்தை நானும் எழுந்து நின்றுதான் பார்த்தேன். ஜப்பான் 3-2, அமெரிக்காவின் மைக் ட்ரவுட் ஸ்ட்ரைக்-அவுட். ஓட்டானி வளர்ந்த மனிதர். அவர் பின்னால் வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் ஒரு கூட்டமே இருக்கிறது. அது ஒரே ஓர் இன்னிங்ஸ்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பழக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு போட்டியில், காலை ஆட்டத்தில் ஸ்டார்ட்டராக எறிந்த பையனையே மாலை ஆட்டத்தில் கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு ரிலீவராக இறக்கினேன். அவன்தான் கேட்டான், "நான் போடுறேன் சேர்." வென்றோம். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். அடுத்த வாரம் அவனுக்குச் சாப்பாட்டுப் பீங்கானை வலது கையால் தூக்க முடியவில்லை என்று அவன் அக்கா வந்து சொன்னாள். அதற்குப் பிறகு அவன் பிட்சர் நின்று எறிகிற மேட்டில் ஏறவே இல்லை. இப்போது கொழும்பில் கடையொன்றில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் மைதானத்துக்கு வந்து ஓரமாக நிற்பான். பந்து அவன் பக்கம் உருண்டு வந்தால் இடது கையால்தான் எடுத்துப் போடுவான்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டத்தில் எறிய வைக்காதீர்கள். கெஞ்சினாலும் வைக்காதீர்கள்.

கை நோகிறது என்றால் ரிலீவராகப் போட்டால் பாரம் குறையும்தானே?

குறையாது. கை நோகிற பிள்ளை எந்த இடத்திலும் எறியக் கூடாது. தைலம் தேய்த்துவிட்டு ஒரு இன்னிங்ஸ் மட்டும் என்பதும் கூடாது. வளரும் வயதுப் பிட்சர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. களைத்த கையோடு வழக்கமாக எறிந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை வரை போகிற காயம் வரும் சாத்தியம் 36 மடங்கு என்று அதில் கண்டார்கள். 1974இல் டொமி ஜோன் என்ற பிட்சருக்கு முழங்கை நாரை மாற்றி வைத்த சத்திரசிகிச்சை இன்று அவர் பெயராலேயே உலகம் முழுக்க நடக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி எங்கே கிடைக்கும்? வருடத்தில் நான்கு மாதமாவது பந்து எறியாமல் இருக்கட்டும். அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்கட்டும்.

இடது கைப் பையன் என்றால்?

முதலில் ஸ்டார்ட்டராகத்தான் முயல்வேன். இடது கை அடிப்பவர்களுக்கு மட்டும் என்று அவனை ஒதுக்கி வைப்பது பழைய முறை. மேஜர் லீக்கிலேயே 2020 முதல் இறங்குகிற பிட்சர் குறைந்தது மூன்று பேருக்கு எறிய வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

பிட்சரே கெச்சராகவும் நிற்கலாமா?

ஒரே ஆட்டத்தில் வேண்டாம். கெச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான்.

ஸ்டார்ட்டருக்கு வேறு என்ன தேவை?

சாப்பாடு. இதை யாரும் எழுதுவதில்லை. மேல் டிவிஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் இறங்கி, பஸ் பிடித்து, வெறும் சாயத்தண்ணியோடு வருகிற பிள்ளை முதல் பந்துக்கு முன்பே பாதி களைத்திருப்பான். நாலாவது இன்னிங்ஸில் அவன் விழுந்தால் அதைக் கையின் குறை என்று கொப்பியில் எழுதிவிடாதீர்கள். நான் ஸ்டார்ட்டர் பையனுக்கு இரண்டு ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் பந்து கொடுப்பதில்லை. சாப்பிட்டு வந்த நாளையும் சாப்பிடாமல் வந்த நாளையும் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள். இரண்டு பேரைப் போல இருப்பான்.

இடையில்தான் இறங்கப் போகிறாய் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மேட்ச் அன்று காலையில் பட்டியலைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. முந்திய நாளே தனியாகக் கூப்பிட்டு, கொப்பியைக் கையில் கொடுத்து, அவனையே எண்ண வைக்கிறேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: முதல் சுற்று இப்படி, இரண்டாம் சுற்று இப்படி. செஞ்ச்-அப் கைக்குப் படிந்ததும் மறுபடி பார்ப்போம்.

மேலே சொன்னேனே ஓர் அம்மா, அவருடைய மகனிடமும் அப்படித்தான் சொன்னேன். பையன் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். விரலால் கோடுகளை எண்ணினான். அழுவான் என்று நினைத்தேன். கொப்பியை மூடிக் கொடுத்துவிட்டு, "அஞ்சாவது இன்னிங்ஸ் எத்தனை மணிக்கு வரும் சேர்?" என்று கேட்டான்.

"ஏன்டா?"

"முதல்ல போட்டா அம்மாவுக்கு ஒருநாளும் பார்க்கக் கிடைக்கல. அந்தி நிறுவை முடிஞ்சு ஓடி வந்தா, அஞ்சாவதுக்கு வந்திருவாங்க."